இருபுறமும் திறக்கும் இழுப்பறை

அப்பா போய்ச் சேர்ந்த நான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலை, சின்னவன் வார்டு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றான். அந்த அறையில் அவன் வரிசையில் நிற்பது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் நேரே உள்ளே போய் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வான். இப்போது அந்த நாற்காலி காலி. அவன் நின்றது இறப்பு வரிசையில்.

அறையில் ஒரே மேசை. அகலமானது, கனமானது. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி. இந்தப் பக்கம் அப்பா முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து வார்டில் பிறந்தவர்களை எழுதினார். எதிர்ப்பக்கம் அவருடைய சிநேகிதர் உட்கார்ந்து இறந்தவர்களை எழுதினார். அலுவலகத்தில் ஒருவருக்கு வரவு என்றும் மற்றவருக்குச் செலவு என்றும் பேர் விழுந்து, அந்தப் பேர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சின்னவனுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அவர் செலவு மாமாதான்.

வந்தவர்கள் இடம் மாறி நிற்பது தினமும் நடக்கும். ஒருமுறை ஒரு வண்டிக்காரர் அப்பாவின் முன்னால் வந்து நின்றாராம். ஆணா பெண்ணா என்று அப்பா கேட்டார். பெண் என்றார். தாய் நலமா என்று கேட்டார். அவங்கதாங்க போயிட்டாங்க என்று வண்டிக்காரர் அழத் தொடங்கினார். இன்னொரு நாள் மீசை முளைத்தும் முளைக்காத ஒரு தகப்பன் செலவு மாமாவிடம் போய் நின்றான். எப்போது என்று கேட்டார். நேற்று ராத்திரி என்றான். அடுத்த கட்டத்தைப் பார்த்து, தலை நிமிராமல், என்ன காரணம் என்று கேட்டார். பையன் காது மடல் வரை சிவந்து போனான். இந்தக் கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் செலவு மாமா முதல்முறை கேட்பதுபோல முறைப்பார்.

சின்னவனின் முறை வந்தது. செலவு மாமா அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. தொழில். விலாசம். நோய். வயதில் கொஞ்சம் நின்றது. முப்பத்தெட்டாயிரம் பிறப்பை எழுதிய மனிதருக்குத் தன் பிறப்பு எங்கேயும் எழுதப்படவில்லை; அவர் பிறந்த காலத்தில் பதிவேடே கிடையாது. அலுவலகக் காகிதத்தில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. அதையே எழுதினார்கள்.

அடுத்த கட்டம், பிள்ளைகள்.

"ஒண்ணு," என்றான் சின்னவன்.

செலவு மாமா பேனாவை மைக்கூட்டின் விளிம்பில் சாய்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பேனாவை எடுக்கவில்லை.

"ஒண்ணுன்னு எழுத எனக்குக் கை வரமாட்டேங்குது தம்பி."

வீட்டில் நான் ஒருத்தன்தானே என்றான் சின்னவன். மாமா வரிசையை எட்டிப் பார்த்தார். அவன் முதுகுக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள்.

"உங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். என் வாயால சொல்லமாட்டேன். ஆனா தெரிஞ்சே தப்பா எழுதவும் மாட்டேன். நீ பொறந்த வருஷத்து ஏடு அலமாரியில இருக்கு. உன் பதிவை எடுத்துப் பாரு."

பார்த்திருக்கிறேனே, நகல் கையிலேயே இருக்கிறதே என்றான்.

"நகலப் பாத்திருக்கே. ஏட்டைப் பாத்ததில்லை. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வாரக் கணக்கு மேல போகும். அதுக்குள்ள பாரு. திங்கக்கிழமை இந்த மேசையே இருக்காது."

அது உண்மை. திங்கட்கிழமை புதுப் பிறப்புக் குமாஸ்தா வருகிறார். அவருக்குத் தனி அறை, தனி மேசை. பழைய மேசை கிடங்குக்குப் போகிறது. மேசையில் இருக்கும் காகிதங்களில் எண் போட்டவை அலமாரிக்கு. எண் இல்லாதவை தண்ணீர் நிலையத்துக் கொதிகலனுக்கு. தலைமைக் குமாஸ்தாவின் உத்தரவு சுவரில் ஒட்டியிருந்தது.

சின்னவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஏட்டைப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமான வேலை. நகரத்தின் சாக்கடைக் குழாய் இலாகாவில் மட்டம் பார்க்கிறவன் அவன். முக்காலியில் கருவியை நிறுத்தி, எந்தத் தெரு எந்தத் தெருவைவிட எத்தனை அங்குலம் தாழ்வு என்று எழுதுவது அவன் தொழில். கணக்கு இடித்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு, பிறகு கையை, கடைசியாகத்தான் தரையை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அலமாரியிலிருந்து ஏட்டை எடுத்து, அப்பாவின் நாற்காலியில் உட்காராமல், ஜன்னல் திட்டில் வைத்துப் புரட்டினான்.

எல்லாம் அப்பாவின் எழுத்து. குண்டு குண்டாக, மட்டப்பலகை வைத்ததுபோல ஒரே கோட்டில். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. அதனால் அப்பா முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். வந்தவருக்குப் படித்துக் காட்டுவார். சரி என்ற பிறகுதான் ஏட்டில் எழுதுவார். ஏட்டின் எண்ணைச் சீட்டின் மூலையில் போட்டு, கம்பியில் குத்துவார். எண் விழாத சீட்டு இன்னும் பிறக்காத பிள்ளை மாதிரி என்பார்.

பேர் வைக்காமல் வருகிறவர்களை அவசரப்படுத்தமாட்டார். பேரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், எண்தான் முக்கியம் என்பார். தெருவில் போகும்போது பிள்ளைகளை எண் சொல்லித்தான் கூப்பிடுவார். அறுநூத்திப் பன்னெண்டு, சுவரை விட்டு இறங்கு. பிள்ளைகளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்கள். வருஷக் கடைசியில் வார்டின் பிறப்பு விகிதத்தைக் கணக்குப் போடுவார். நாற்பதாயிரம் ஜனத்தொகைக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது பிறப்பு. ஆயிரத்துக்கு முப்பத்தொன்றே கால். ஒரு வருஷம் அது திடீரென்று முப்பத்தைந்துக்கு ஏறிவிட்டது. காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி மேலிடம் கேட்டது. அப்பா ஒரே வரி எழுதி அனுப்பினார்: முந்தைய வருஷம் மில் மூன்று மாதம் மூடியிருந்தது. மேலிடம் மறுபேச்சுப் பேசவில்லை.

எண்ணூற்று எண்பத்தேழு. சின்னவனின் பதிவு. ஆண். தேதி. அப்பா பேர், அம்மா பேர், தெரு, கதவு எண். தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக: காலை 4-20.

இது அவனுக்குத் தெரியும். நகலிலும் இருக்கிறது. அப்பா எதையும் துல்லியமாக எழுதுகிறவர், சொந்தப் பிள்ளைக்கு நிமிஷம் வரை எழுதியிருக்கிறார் என்று நினைத்திருந்தான். சின்ன வயதில் அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எண்ணூற்று எண்பத்தெட்டு. ரொட்டி சுடுகிறவரின் மகள். தேதி மட்டும். நேரம் இல்லை.

எண்பத்தொன்பதில் இல்லை. தொண்ணூறில் இல்லை. முன்னால் புரட்டினான். எழுபதுகளில் இல்லை, அறுபதுகளில் இல்லை. எண்ணூற்று முப்பத்தொன்றில் நேரம் இருந்தது: பகல் 1-10. அதற்கடுத்து எண்ணூற்று முப்பத்திரண்டிலும் இருந்தது: பகல் 1-35. இரண்டுக்கும் ஒரே தாய், ஒரே கதவு எண்.

இரட்டையர்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தான். ஒரு மணி நேரம் ஆனது. அந்த வருஷம் நேரம் எழுதிய பதிவுகள் இருபத்தொன்பது. இருபத்தெட்டு ஜோடி ஜோடியாக நின்றன. ஒன்று தனியாக நின்றது.

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டான். அப்பா களைப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் அப்பா களைப்பில் எழுதியதை அவன் பார்த்ததே இல்லை. பிறகு தன்னைச் சந்தேகப்பட்டு, ஏட்டை இரண்டாம் தடவை பார்த்தான். இருபத்தொன்பதுதான்.

அப்போதுதான், சம்பந்தமே இல்லாததுபோல, தன் பேர் ஞாபகம் வந்தது. வீட்டில் எப்போதும் அவன் சின்னவன். ஒற்றைப் பிள்ளை, ஆனாலும் சின்னவன். யாராவது வந்தவர்கள், இவன் சின்னவன்னா பெரியவன் எங்கே என்று சிரிப்பார்கள். அம்மா உடனே அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். உருவம் சின்னது, அதனால் சின்னவன் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஆறடி வளர்ந்தான். பேர் மாறவில்லை. அதையும் யோசித்ததில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அறை காலியானது. செலவு மாமா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். சின்னவன் ஏட்டை மேசைமேல் வைத்து, எண்பத்தேழின்மேல் விரலை வைத்தான்.

"இன்னொண்ணு எங்க மாமா?"

மாமா வாயால் சொல்லவில்லை. தன் பக்கத்து இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தார். அதே நேரம் அப்பாவின் பக்கத்து முகப்பு உள்ளே நகர்வது தெரிந்தது. இரண்டு இழுப்பறை என்று இத்தனை வருஷம் அவன் நினைத்திருந்தது ஒன்றுதான். மேசையின் முழு அகலத்துக்கும் போகிற ஒரே இழுப்பறை. இந்தப் பக்கமும் இழுக்கலாம், அந்தப் பக்கமும் இழுக்கலாம்.

உள்ளே சீட்டுகள். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கனத்துக்குக் கட்டுக் கட்டாக. எதிலும் மூலையில் எண் இல்லை.

சின்னவன் அவற்றை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினான். அடுக்குவதற்குக் காரணம் ஒன்றுமில்லை. கைக்கு வேறு வேலை தெரியவில்லை. முந்நூற்று எண்பத்தாறு. ஒவ்வொரு சீட்டிலும் முன்பக்கம் அப்பாவின் எழுத்து: ஆணா பெண்ணா, தேதி, தாய், தகப்பன், கதவு எண். பின்பக்கம் செலவு மாமாவின் எழுத்து: ஒரு தேதி, ஒரு நேரம். பெரும்பாலும் அதே தேதி. சிலவற்றில் மறுநாள். ஒன்றிலும் மூன்றாம் நாள் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் வந்த சீட்டு பழுத்திருந்தது. முன்பக்கம்: பெண். சின்னவனின் தேதி. காலை 4-05. சின்னவனின் அம்மா, சின்னவனின் அப்பா, சின்னவனின் கதவு எண். பேர் எழுதும் இடம் காலி. பின்பக்கம்: அதே தேதி, பகல் 3-10.

பதினொரு மணி நேரம், ஐந்து நிமிஷம் என்று கழித்தான். கழித்து முடித்த பிறகுதான் எதைக் கழித்தோம் என்று தெரிந்தது. அப்போது உட்கார்ந்தான். உட்கார்ந்தது அப்பாவின் நாற்காலியில்.

இனி வாக்கை மீற ஒன்றுமில்லை என்பதுபோல மாமா பேசத் தொடங்கினார். பேச்சு தட்டுத் தடுமாறித்தான் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல அப்பா வேலைக்கு வந்தாராம். இரண்டு சீட்டு எழுதினார். ஒன்றை ஏட்டில் ஏற்றினார். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வயதுக்குள் இறந்த குழந்தையென்றால் இறப்புப் பதிவில் பிறப்பு எண்ணைக் குறிக்க வேண்டும். அந்த எண்ணை அவர் போட்டுத் தந்தால் இவர் எழுதவேண்டும். அவர் போடவில்லை. இவரும் கேட்கவில்லை. நாளைக்கு எழுதிக்கலாம் என்று சொல்லி அப்பா சீட்டை இழுப்பறையில் போட்டார். மாமா தன் பக்கம் இழுத்து, பின்பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் மட்டும் எழுதி, திரும்பப் போட்டார்.

"பொறப்பு இல்லாம நான் எழுத முடியாது. சாவு எழுதணும்னு தெரிஞ்சுகிட்டு அவரால பொறப்பை எழுத முடியல. அவர் பக்கம் இருக்குன்னு நான், என் பக்கம் இருக்குன்னு அவரு. அப்படியே கெடந்துது."

அது ஒன்று. மிச்சம் முந்நூற்று எண்பத்தைந்து?

அடுத்த மாதம் ஒரு சாயப்பட்டறைக்காரர் வந்தார் என்றார் மாமா. கை இரண்டும் நீலம். முதலில் பிறப்பு வரிசையில் நின்றார். எழுதி முடித்ததும் அங்கிருந்து இறப்பு வரிசைக்குப் போகவேண்டும். அதே அறைதான், நாலு அடிதான். அந்த நாலு அடியை அவரால் நடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்பா சீட்டை வாங்கி இழுப்பறையில் போட்டு, நீங்க வீட்டுக்குப் போங்க, நாங்க பாத்துக்கறோம் என்று அனுப்பினார். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் இருந்தவர்கள், அரை நாள் இருந்தவர்கள். மாதத்துக்கு ஒன்று வரும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இழுப்பறை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

அம்மாவுக்குத் தெரியுமா என்று சின்னவன் கேட்டான்.

"எழுதிட்டேன்னு சொல்லியிருந்தாரு. அவங்க அப்படியேதான் நம்பிப் போனாங்க. உன்கிட்டச் சொன்னா நீ ஏட்டைத் தேடுவே. தேடினா இருக்காது. அதான் என் வாயக் கட்டிட்டாரு."

சின்னவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பிறகு வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டம் ஞாபகம் வந்தது. சுகாதார அதிகாரியின் பாராட்டுக் கடிதம். இந்த வார்டில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு நூற்றிருபது, பக்கத்து வார்டில் நூற்றிருபத்தேழு, ஆகவே பாராட்டு. கதவு திறந்திருக்கும்வரை அது கண்ணில் படாது; அப்பா அதைத் தேர்ந்தெடுத்து அங்கே மாட்டினார். அடக்கம் என்று அவன் நினைத்திருந்தான்.

அந்தப் பாராட்டு வருஷத்துச் சீட்டுகளை மட்டும் எண்ணினான். பதின்மூன்று. ஆயிரத்து இருநூற்று நாற்பது பிறப்போடு பதின்மூன்று, நூற்று நாற்பத்தொன்பது இறப்போடு பதின்மூன்று. வகுத்தான். நூற்றிருபத்தொன்பது. பக்கத்து வார்டைவிட அதிகம். பாராட்டு பக்கத்து வார்டுக்குப் போயிருக்க வேண்டும்.

பிறகு, கை நிற்காமல், தன் குழாய்க் கணக்கையும் போட்டுப் பார்த்தான். இந்த வார்டின் குழாய்களுக்கு அகலம் குறித்தது அவன்தான். வருங்கால ஜனத்தொகைக்கு அப்பாவின் பிறப்புக் கணக்கையும் மாமாவின் இறப்புக் கணக்கையும்தான் வைத்திருந்தான். முந்நூற்று எண்பத்தாறைப் பிறப்பில் கூட்டினான். முந்நூற்று எண்பத்தாறை இறப்பில் கூட்டினான். கழித்தான். ஒன்றும் மாறவில்லை. ஓர் அங்குலம்கூட மாறவில்லை. கணக்குக்கு அவர்கள் இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

குழாய் வேலை தொடங்கிய வருஷம் அப்பா அவனிடம் ஒன்று கேட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு. குழாய் அகலத்துக்கு ஒரு நாள் மட்டும் இருந்தவங்களும் கணக்கில் வருவாங்களா என்று. தண்ணி செலவழிச்சாத்தாம்பா கணக்கு என்று அவன் பதில் சொன்னான். அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

என்ன கேள்வி இது என்று அப்போது தோன்றியது. இப்போது, அந்தப் பதிலை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

"இவளை எழுதுங்க மாமா," என்றான். "இன்னைக்கே."

எழுத ஆசைதான் என்றார் மாமா. ஆனால் விதி இருக்கிறது. விதிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். ஒரு வருஷம் கடந்த பிறப்பை எழுதவேண்டுமானால் அக்காலத்தில் எழுதிய சீட்டு வேண்டும். அது இருக்கிறது, திங்கட்கிழமை வரை. கூடவே, பிறந்த இடத்தில் பிறந்த நேரத்தில் இருந்த ஒருவர் நேரில் வந்து தகவல் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். கேள்விப்பட்டவர் சொல்வது செல்லாது. இருந்தவராக இருக்கவேண்டும்.

இருந்தவர்களை எண்ணினார்கள். அம்மா. அவளை ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமாவே எழுதினார். மருத்துவச்சி. அவளையும் மாமாதான் எழுதினார். கதவுக்கு வெளியே நின்ற அப்பா. அவருடைய பதிவு பாதியில் மேசைமேல் கிடக்கிறது.

"எல்லாரையும் நானே முடிச்சு வெச்சிருக்கேன்," என்றார் மாமா. சிரிப்பாகத் தொடங்கியது சிரிப்பாக முடியவில்லை.

சின்னவன் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். 4-05. தன் பதிவைப் பார்த்தான். 4-20. இரண்டு எண்களும் எதையோ சொல்லின. என்னவென்று புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்தபோது, சரியாகத்தான் புரிந்ததா என்று சந்தேகமாக இருந்தது.

"நான் இருந்தேனே."

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

இருவருமாகத் தலைமைக் குமாஸ்தாவின் அறைக்குப் போனார்கள். விதியைத் தவிர வேறு எதையும் நம்பாத மனிதர் அவர். இங்குமங்கும் அலைகிற பேச்சு அவருக்கு ஆகாது. விஷயத்தைக் கேட்டார். சீட்டை முன்னும் பின்னும் திருப்பினார். சின்னவனின் பதிவைப் பார்த்தார். விதியை இரண்டு தடவை படித்தார். தடுமாறுவது அவருக்குப் பழக்கமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நாலு இருபதுக்குத்தானே நீங்க பொறந்தீங்க?"

ஆமாம் என்றான் சின்னவன்.

"அப்ப நாலு அஞ்சுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதாங்க இருந்தேன். வேற எங்க இருப்பேன்?"

தலைமைக் குமாஸ்தா விதிப் புத்தகத்தை மறுபடி திறந்தார். தகவல் தருபவரின் வயது இத்தனைக்குக் குறையக்கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. கையெழுத்திடும் நாளில் விவரம் தெரிந்த வயதாக இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது. கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இந்த விதியை எழுதினவன் இப்படி ஒருத்தன் வருவான்னு நெனச்சிருக்க மாட்டான்யா," என்று மாமாவிடம் சொல்லிவிட்டுச் சீட்டின் ஓரத்தில் அனுமதி எழுதினார். எழுதியவர் பேனாவை மூடவில்லை. இந்த மாதிரி இது ஒன்றுதானா என்று கேட்டார்.

மாமா சின்னவனைப் பார்த்தார். சின்னவன் தரையைப் பார்த்தான். வேறு இல்லை என்று சொன்னால் முந்நூற்று எண்பத்தைந்தும் கொதிகலனுக்குப் போகும். இருக்கிறது என்று சொன்னால் அப்பாவின் முப்பது வருஷம் தலைகீழாகும். இரண்டில் எது அப்பாவுக்குச் செய்யும் மரியாதை என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னும் இருக்கு," என்றான்.

எத்தனை என்று கேட்டார். சொன்னான். தலைமைக் குமாஸ்தா எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். அந்தப் பாராட்டுக்கு வார்டுக் கணக்கை மேலே அனுப்பியது யார், நான்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாமாவிடம், அதிலே எவ்வளவு பேருடைய தாய் இன்னும் இருப்பாள் என்று கேட்டார். பாதிக்குமேல் இருப்பார்கள் என்றார் மாமா.

"அவங்களக் கேக்காம எழுதவும் முடியாது. கேக்காம எரிக்கவும் முடியாது. என் அலமாரியில வைங்க. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அவர் அப்படிச் சொல்லி இருவரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

அறைக்குத் திரும்பினார்கள். புது ஆள் வரும்வரை பிறப்பையும் மாமாதான் எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவின் எழுத்து ஆயிரத்து ஆறில் நின்றிருந்தது. ஆயிரத்து ஏழு முதல் மாமாவின் எழுத்து, சாய்ந்து, நெருக்கமாக. அவர் இதுவரை ஏட்டைத் தன் பக்கம் இழுத்துத்தான் எழுதினார். இப்போது மேசையைச் சுற்றி நடந்து வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, அங்கிருந்து தன் காலி நாற்காலியை ஒரு நிமிஷம் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் பார்க்காத பக்கம் அது.

பெண். தேதி. காலை 4-05. பேர் என்று கேட்டார். தெரியாது என்றான். ஒரு கோடு போட்டார். தகவல் தருபவர் பிறந்த நேரத்தில் உடனிருந்தாரா. ஆம். தகவல் தருபவருக்குக் குழந்தை என்ன உறவு.

சின்னவன் பதினைந்து நிமிஷத்தை மனசுக்குள் ஒருமுறை சரிபார்த்தான்.

"அக்கா," என்றான்.

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை அவனுக்கே புதிதாக இருந்தது. தெருவில் எத்தனையோ பேரை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான்.

கையெழுத்துப் போட்டான். மாமா எழுந்து நாலு அடி நடந்து தன் நாற்காலிக்குப் போனார். இறப்பு ஏட்டைத் திறந்தார். பகல் 3-10 என்று எழுதினார். பிறப்பு எண்ணைக் குறித்தார். இங்கேயும் சின்னவன் கையெழுத்துப் போட்டான். மூன்றாவதாக, காலையில் பாதியில் விட்ட பதிவு. பிள்ளைகள்: இரண்டு. இருப்பது ஒன்று.

நகல்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெரு அவன் மட்டம் பார்த்த தெருதான். ஆனால் எந்தப் பக்கம் தாழ்வு என்று உடனே ஞாபகம் வரவில்லை. நின்று, மேலாக இருந்த நகலைப் படித்தான். காலம் கடந்த பதிவுக்குப் பழைய ஏட்டில் இடம் கிடையாது. நடப்பு வருஷத்து எண்தான் விழும். ஆயிரத்துப் பத்தொன்பது. இந்த வருஷத்து விகிதத்தில் அவளும் சேருவாள், ஆயிரத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு.

இன்றைக்கு இந்த வார்டில் கடைசியாகப் பிறந்தவள் அவள்தான். அவனுக்கு மூத்தவள். அவன் அதை இரண்டு தடவை படித்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.